ராகிக் கதிரோடு பெங்களூருக்கு

1998ஆம் வருடம், டிசம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை. மதியம் ஒன்றே கால் மணிக்குத் தேன்கனிக்கோட்டையில் ஓசூர் பஸ் ஏறினோம். இரண்டு பேர்தான். நான் அப்போது ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் விவசாயக் கள ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கூட வந்தவர் மாதம்மா. தளி சாலையில் உள்ள ஒரு கிராமத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் ராகி பயிரிடுகிறவர். நாற்பதை ஒட்டிய வயது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். எவ்வளவு சொல்லியும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் மூட்டையைப் பார்த்துக் கண்டக்டர் முகம் சுளித்தார். ராகித் தாள் இரண்டு கட்டு, அதாவது கதிர் அறுத்த பிறகு மாட்டுக்குப் போடுகிற தட்டை. துணியில் சுற்றிய கதிர்கள் இரண்டு பொட்டலம். மாவு இரண்டு பை, ஒன்றின் வாயில் சிவப்பு நூல், இன்னொன்றில் வெள்ளை நூல். தாள் கட்டைக் கூரைமேல் போடச் சொன்னார். மாதம்மா மறுத்துவிட்டு, காலடியில் வைத்து அதன்மேலேயே பாதங்களை ஊன்றிக்கொண்டார். ஓசூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு ஆறு ரூபாய், தாள் கட்டுக்குத் தனியாக மூன்று ரூபாய்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் புதிய ராகி ரகம் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அதற்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை, பதினொன்று என்ற எண்தான். அந்த ரகத்தை விவசாயிகள் நிலத்திலேயே விதைத்துப் பார்த்துக் கருத்துக் கேட்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தது. கேள்வித்தாள் பெங்களூரிலிருந்தே அச்சாகி வந்தது. விவசாயியின் பெயர் என்ற இடத்தில் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பெயர். மகசூல் எவ்வளவு, எத்தனை நாள் பயிர், கதிரடிப்பில் கஷ்டம் உண்டா, சந்தையில் என்ன விலை போகும் என்பவை கேள்விகள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. நெல் தெரியும், ராகி தெரியாது. ஆகவே கேள்வித்தாளில் இருந்ததை இருந்தபடியே ஆண்களிடம் கேட்டு நிரப்பினேன். எல்லோருக்கும் பதினொன்றைப் பிடித்திருந்தது.

கதிரடிப்பு முடியப்போகும் சமயத்தில் மாதம்மாவின் களத்துக்குப் போயிருந்தேன். அவரும் அவர் மருமகளும் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கை காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. "இந்த ராகி கதிரை விட்டு எறங்க மாட்டேங்குது மேடம். நீங்க எங்க வூட்டுக்காரர்கிட்ட கேட்டு எழுதிக்கினு போனீங்க. என்கிட்ட யாரும் கேக்கல" என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல, ஒரு தகவலைத் தெரிவிக்கும் குரலில்தான் சொன்னார்.

மறுநாளிலிருந்து அந்த ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டேன். அடிப்பது கஷ்டம், களி உடைகிறது, தாளின் அடிப்பாதியை மாடு தொடுவதில்லை என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்த அறிக்கையில் அது ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. 'இதர குறிப்புகள்' என்ற தலைப்பின் கீழ், 'சமையல் ருசி குறித்துப் பெண்களிடையே சில அபிப்பிராயங்கள் உள்ளன' என்று இருந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் வியாழக்கிழமை நடக்கவிருந்த கூட்டத்தில் பதினொன்றைச் சிபாரிசு செய்துவிட்டால், அடுத்த மழைக்கு எங்கள் பக்கத்து விதைக் கிடங்குகளில் அது மட்டும்தான் கிடைக்கும்.

கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கூடவே ஒரு விவசாயியை அழைத்து வரலாம் என்றார்கள். மாதம்மாவின் பெயரை எழுதி அனுப்பினேன். அழைப்பு அவர் கணவர் முனிராஜ் பெயருக்கு வந்தது. முனிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். "நீயே போ. நான் போனா அங்க இன்னா சொல்றது? மாட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டே முக்காலுக்கு ஓசூர். டீ இரண்டு ரூபாய். அங்கிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளியில் எல்லையைக் கடந்ததும் கடைப்பலகைகளின் எழுத்து மாறியது. மாதம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. தமிழும் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். சந்தாபுரம் தாண்டியபின் சாலையின் இருபுறமும் ராகி அறுத்த வயல்களும், நடுநடுவே வேலி போட்டு மனைகளாகப் பிரித்த வயல்களும் மாறி மாறி வந்தன. அவர் சன்னல் பக்கம் உட்கார்ந்து அறுத்த வயல்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில், "இங்க தாள அடியோட அறுத்திருக்காங்க. மாட்டுக்கு நல்லாயிருக்கும்" என்றார். மடிவாளாவுக்கு அப்புறம் வயலே இல்லை.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி ஐந்து. ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கென்று தங்கும் விடுதி இருந்தது. ஆனால் அது ஆண்களுக்கு மட்டும் என்று கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டபோது தெரிந்திருந்தது. எனக்கு விருந்தினர் இல்லத்தில் ஒரு அறை தருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். மாதம்மாவின் தங்கை ரத்னா ஸ்ரீராம்புரத்தில் இருந்தார். ஆட்டோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து அங்கே போனோம்.

சந்துக்குள் ஆட்டோ நுழையவில்லை. தாள் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாதம்மா முன்னால் நடக்க, தண்ணீர்க் குழாயில் வரிசை நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரத்னாவின் வீடு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். அவர் கணவருக்கு மாநகராட்சியில் வேலை. ரத்னா மல்லேஸ்வரத்தில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். அக்கா வந்த சந்தோஷத்தில் கோழி வாங்கி வைத்திருந்தார்.

மாதம்மா உட்காரக்கூட இல்லை. மாவுப் பை இரண்டையும் எடுத்துக் கொடுத்து, தனித்தனியாகக் களி கிண்டச் சொன்னார். எது எந்த ராகி என்று சொல்லவில்லை. ரத்னா கேட்டும் சொல்லவில்லை. நானாவது சொல்லிவிடுவேனோ என்று என்னைப் பார்த்துத் தலையசைத்துத் தடுத்தார்.

ரத்னா முதலில் வெள்ளை நூல் மாவைக் கிண்டினார், பிறகு சிவப்பு நூல் மாவை. இரண்டாவதுக்கு நடுவில் ஸ்டவ்வைக் குனிந்து பார்த்துப் பம்பு அடித்தார். "ஏன்க்கா, இது இன்னா மாவு? வேகவே மாட்டேங்குது. தண்ணி குடிச்சிக்கினே கீது. இந்த மாவு வாங்கினா ரேஷன் சீமெண்ணெ பாதி மாசத்துக்குக்கூடத் தாங்காது" என்றார். தட்டில் உருட்டிப் போட்டபோது முதலாவது உருண்டையாக நின்றது. இரண்டாவது ஆறியதும் வெடித்தது. அப்போதுதான் மாதம்மா, சிவப்பு நூல்தான் பதினொன்று, வெள்ளை நூல் உள்ளூர் ராகி என்று சொன்னார்.

நான் வேளாண்மைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தவள். எது எந்த மாதிரி என்று சொல்லாமல் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தனிப் பாடமே இருந்தது. எந்த வகுப்பிலும் உட்காராத ஒருவர் அதை எனக்கு முன்னால் செய்து முடித்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அவ என் பக்கம் பேசுவா" என்றார் மாதம்மா. பிறகு என்னைக் கேட்டார்: "மேடம், உங்க தாள்ல அடுப்பப் பத்தி எழுதினீங்களா? விறகு எவ்ளோ ஆவுதுன்னு?" எழுதவில்லை. களி உடைவதை எழுதியிருந்தேன். அதை வேகவைக்க மாதம்மா வாரம் இரண்டு முறை போகும் காட்டை எழுத விட்டுவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பெங்களூரில் டிசம்பர் குளிர் ஒன்பது மணிவரை விடாது. ரத்னா தன் கல்யாணப் பச்சைப் புடவையை அக்காவுக்குக் கட்டிவிட்டிருந்தார். மெஜஸ்டிக்கில் யலஹங்கா பஸ் ஏறி, ஹெப்பாள் ஏரியைத் தாண்டி இறங்கி, மரங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் நடந்தோம்.

வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். முனிராஜ் என்ற பெயருக்கு அட்டை தயாராக இருந்தது. அவர் வரவில்லை, இவர்தான் விவசாயி என்றேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பெயரை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, அந்த அட்டையையே குத்திக்கொண்டு உள்ளே போகலாம், யாரும் பார்க்கப் போவதில்லை என்றார். நான் வாக்குவாதத்துக்குத் தயாரானேன். மாதம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினார். மேசையில் இருந்தவரிடம் கன்னடத்தில் ஒரு வெற்று அட்டை கேட்டு வாங்கி, என் பேனாவால் தமிழில் தன் பெயரை எழுதினார். அந்த நான்கு எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் அவசரப்படவே இல்லை.

கூட்டத்தில் எழுபது பேர் இருக்கலாம். பெண்கள் எங்களையும் சேர்த்து ஆறு பேர். முதலில் பேசியவர் பதினொன்றை உருவாக்கிய விஞ்ஞானி. மூர்த்தி என்று பெயர். கண்ணாடி போட்ட, தாழ்ந்த குரல் மனிதர். ஒன்பது வருடமாக அந்த ஒரு பயிரோடு வாழ்ந்திருக்கிறார் என்பது அவர் பேச்சில் தெரிந்தது. மழை தவறிய வருடத்திலும் பதினொன்று காய்ந்து போகவில்லை என்று அவர் படம் போட்டுக் காட்டினார். மாதம்மா என்னிடம் மெதுவாக, "அது நெஜம்" என்றார்.

என் முறை மதியம் இரண்டரைக்கு வரவேண்டியது, மூன்றரைக்கு வந்தது. கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். திரையில் காட்டுவதற்காகக் கண்ணாடித் தாளில் நான் மூன்று வாரமாக எழுதி வைத்திருந்த பதினான்கு படங்கள் கையில் இருந்தன. அது என் முதல் ஆராய்ச்சிக் கூட்டம். மேடைக்குப் போகும் நான்கைந்து அடிக்குள் முடிவு செய்தேன். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, எனக்குக் கொடுத்த நேரத்தை இந்த ரகத்தைப் பயிரிட்ட விவசாயிக்குத் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். படங்களை உறைக்குள் போட்டேன்.

மாதம்மா மேடை ஏறவில்லை. கதிர்ப் பொட்டலத்தோடு நேராக முன்வரிசைக்குப் போனார். ரகத்துக்கு ஒன்றாகத் தலைவரிடம் இரண்டு கதிர், மூர்த்தியிடம் இரண்டு கதிர் கொடுத்தார். கையால் தேய்த்து உதிர்க்கச் சொன்னார். கன்னடத்தில்தான் பேசினார். என் மொழிபெயர்ப்புகூடத் தேவைப்படவில்லை. இங்கே நான் அதைத் தமிழில் தருகிறேன்.

உள்ளூர் ராகி உடனே மேசைமேல் உதிர்ந்தது. பதினொன்று உதிரவில்லை. தலைவர் விரல்களால் பார்த்தார், பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். சில மணிகள் விழுந்தன, உமியோடு. அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சிவந்திருந்தது.

"நான் மகசூல் வேணாம்னு சொல்ல வரல" என்றார் மாதம்மா. "பதினொண்ணு அதிகமாத்தான் வெளையுது. போன வருஷம் நானும் மருமகளும் ஆறு நாள் அடிச்சோம். இந்த வருஷம் பத்து நாள். அந்த நாலு நாள உங்க கணக்குல எங்க எழுதியிருக்கீங்க?"

மூர்த்தி தன் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். அது முனிராஜ் கையெழுத்துப் போட்ட கேள்வித்தாள், என் கையால் நிரப்பியது. கதிரடிப்பில் கஷ்டம் எதுவும் இல்லை என்று இவர் கணவர் சொல்லியிருக்கிறாரே என்று கேட்டார். அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

"அவருக்குக் கஷ்டம் இல்லையே சார்" என்றார் மாதம்மா. "அவர் சொன்னது நெஜந்தான்."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. மூர்த்தியும் சிரித்தார். ஆனால் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தவரும் அவர்தான்.

அதன்பிறகு தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாள் கட்டைப் பிரித்து, மாடு எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது என்று மாதம்மா கை வைத்துக் காட்டினார். நேற்று ரத்னா வீட்டில் நடந்ததைச் சொன்னார். களி வேக நேரம் கூடினால் விறகு கூடும், விறகு கூடினால் காட்டுக்கு இன்னொரு நடை நடக்க வேண்டும், காடு வருடத்துக்கு வருடம் தள்ளிப் போகிறது என்றார். மூர்த்தி குறுக்கிட்டு, எந்த மாவு என்று தங்கையிடம் சொல்லாமலா கிண்டச் சொன்னீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றதும், பக்கத்தில் இருந்த இளநிலை விஞ்ஞானிகளை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இப்படி வீட்டுக்கு வீடு கருத்துக் கேட்டால் எந்த ரகமும் எந்தக் காலத்திலும் வெளிவராது என்று ஒரு மூத்த உறுப்பினர் கோபமாகவே பேசினார். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். டீ இடைவேளைக்குப் பிறகு தலைவர் முடிவைப் படித்தார். பதினொன்றின் சிபாரிசு ஒரு பருவம் தள்ளிவைக்கப்படுகிறது. அடுத்த பருவச் சோதனையில் அடிப்பவர், சமைப்பவர், மாடு பார்ப்பவர் கருத்தும் கேட்கப்படும். அது இதர குறிப்பாக அல்ல, மகசூல் அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சாகும்.

வெளியே வந்தபோது மூர்த்தி எங்களைத் தேடி வந்தார். அடுத்த கதிரடிப்புக்குத் தான் வரலாமா என்று மாதம்மாவிடம் கேட்டார். வாங்க, தடி ஒன்று கூடுதலாக எடுத்து வைக்கிறேன் என்றார் மாதம்மா. மூர்த்தி சிரித்துவிட்டு, எந்த ரகம் வேண்டும் என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார். மாதம்மா யோசித்தார். மழையில்லாத காய்ச்சலைத் தாங்கும் பதினொன்றின் குணமும் உள்ளூர் ராகியின் கதிரும் தாளும் ஒன்றாக வேண்டும் என்றார். அதற்கு ஐந்தாறு வருடம் பிடிக்கும் என்றார் மூர்த்தி. "பரவால்ல சார். நான் எங்கியும் போவல" என்றார் மாதம்மா.

அன்று மாலை ஸ்ரீராம்புரத்தில் ரத்னா ஒவ்வொரு வரியாகக் கேட்டார். தன் ஸ்டவ் விஷயம் கூட்டத்தில் பேசப்பட்டது என்றதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. என் பேரையும் சொன்னியா என்று இரண்டு முறை கேட்டார். சொன்னதாகத் தெரிந்ததும் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கலாசிப்பாளையத்தில் ஓசூர் பஸ். டிக்கெட் பதினோரு ரூபாய். கைச்சுமை எதுவும் இல்லை. தாளை ஆராய்ச்சி நிலைய வளாகத்து மாட்டுக் கொட்டகையில் கொடுத்துவிட்டோம், மாவு ரத்னா வீட்டில். பெங்களூரை நான் அதற்கு முன்பும் பிறகும் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தத் தடவைதான் அது என் ஊரை நினைக்கவைத்தது. என் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாற்று நடுவது பெண்கள், களை எடுப்பது பெண்கள். நெல் ரகம் எது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களில் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. கண்டதில்லை என்பதே அதுவரை எனக்கு உறைத்ததில்லை. ஊருக்குப் போனதும் அம்மாவிடம் நெல் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொம்மனஹள்ளி தாண்டியதும் மாதம்மா, "மேடம், நோட்டு இருக்குதா?" என்றார். எடுத்தேன். அடுத்த வருடத்துக் கேள்விகளைத் தான் சொல்வதாகவும், நான் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். "மொதல்ல பேரு கேக்காதீங்க. உங்க வூட்டுல கதிர் அடிக்கறது யாருன்னு கேளுங்க. அவங்க வந்தப்புறம் மத்தது கேளுங்க." இரண்டாவது, எத்தனை நாள் அடித்தீர்கள். மூன்றாவது, தாளில் மாடு எவ்வளவு மீதி வைக்கிறது. நான்காவது அடுப்பு. ஒவ்வொன்றையும் எழுதியபின் படித்துக் காட்டச் சொல்லித் திருத்தினார். எத்தனை மணி நேரம் என்று நான் எழுதியதை எத்தனை தலைச்சுமை விறகு என்று மாற்றச் சொன்னார். வீட்டில் யாரும் கடிகாரம் பார்த்துச் சமைப்பதில்லை என்றார்.

அத்திப்பள்ளி வருவதற்குள் பதினொரு கேள்வி ஆகிவிட்டது. எங்களுக்கு எதிர் இருக்கையில் மடியில் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சூளகிரிப் பக்கம் போகிறவராம். நெடுநேரமாக எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர், தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எங்க வூட்லயும் ராகிதான். அடிக்கறது நான்தான்" என்றார்.

மாதம்மா என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க மேடம்" என்றார். பிறகு அந்தப் பெண்ணை நோக்கி முன்னால் சாய்ந்து, இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.